கேள்வி - பதில்: போனை அடையாளம் காணும் ஆப்கள்

ஆப் மோசடி, டிவைஸ் ஃபிங்கர்பிரின்ட் (போனின் பண்புகளைச் சேர்த்து அதை அடையாளம் காணும் 'ரேகை') பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில். ஆப் எழுதுகிறவர்கள் கேட்டவையும் உண்டு. ஆப்பிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்கள் கேட்டவையும் உண்டு.

எங்கள் மளிகை டெலிவரி ஆப்பில் முதல் ஆர்டருக்குத் தள்ளுபடி கூப்பன் தருகிறோம். ஒரே ஆள் ஒரே போனில் பல கணக்குகள் தொடங்கிச் சுருட்டுகிறார். ஆன்ட்ராய்டு ஐடியை (போன் ஆப்புக்குத் தரும் அடையாள எண்) பதிந்து, ஐடி ஒன்றுக்குக் கூப்பன் ஒன்று என்று வைத்தும் நிற்கவில்லை. எங்கே ஓட்டை?
— ஆப் டெவலப்பர், கோவை

போனுக்கு ஒரே ஆன்ட்ராய்டு ஐடி என்பது பழைய கதை. 2017-இல் வந்த ஆன்ட்ராய்டு 8.0 முதல் அந்த ஐடி, ஆப்பின் கையொப்பச் சாவி (ஆப்பை வெளியிட்டவர் யார் என்று காட்டுவது), போனுக்குள் இருக்கும் பயனர், போன் ஆகிய மூன்றையும் பொறுத்து அமைகிறது. ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டால் மாறாது; அந்த வரைக்கும் உங்களுக்கு லாபம். ஆனால் டூயல் ஆப்ஸ் (ஒரே ஆப்பின் இரண்டாவது நகல்), வொர்க் ப்ரொஃபைல் (அலுவலக வேலைக்கான தனிப் பகுதி) இவற்றில் ஓடும்போது பயனர் வேறு, ஆகவே ஐடியும் வேறு. ஃபேக்டரி ரீசெட் செய்தால் புது ஐடி. ரூட் செய்த (பூட்டை உடைத்து முழு அதிகாரம் எடுத்த) போனிலோ, நீங்கள் கேட்கும் அந்த நொடியில் ஃப்ரிடா மாதிரிக் கருவி குறுக்கே நுழைந்து பொய் ஐடியை நீட்டும். போனுக்கே உரிய எண்ணான ஐஎம்இஐ-க்குத் தாவலாம் என்று பார்க்காதீர்கள், ஆன்ட்ராய்டு 10 முதல் சாதாரண ஆப்புக்கு அது கிடைக்காது. வைஃபை சிப்பின் அடையாளமான மேக் முகவரியைக் கேட்டால் 6.0 முதலே 02:00:00:00:00:00 என்ற ஒரே பதில்தான். விளம்பர ஐடியைப் பயனரே அழித்துவிடலாம்.

முதலில் எந்த வழியில் வருகிறார் என்று லாகில் (சர்வர் பதிவேட்டில்) பாருங்கள். ஒரே மாடல், ஒரே பில்ட், சில நிமிட இடைவெளியில் பதிவு, ஐடி மட்டும் வேறு வேறு என்றால் பெரும்பாலும் குளோன்தான். இதை உறுதிசெய்ய இரண்டு தடயங்கள் கைகொடுக்கும். ஒன்று, ஆப்பின் கோப்புறைப் பாதை. முதன்மைப் பயனரில் அது /டேட்டா/யூசர்/0/ என்று தொடங்கி உங்கள் பேக்கேஜ் பெயரில் (ஆப்பின் உள்பெயர்) முடியும். ஷாவ்மி டூயல் ஆப்ஸில் 0 இருக்கும் இடத்தில் 999 வரும்; தனியாகப் போடும் குளோன் ஆப்பாக இருந்தால் பாதைக்குள் அந்த ஆப்பின் பேக்கேஜ் பெயரே உட்கார்ந்திருக்கும். 10 என்று வந்தால் அலுவலகம் கொடுத்த வொர்க் ப்ரொஃபைலாக இருக்கலாம். அதை மட்டும் வைத்து யாரையும் தள்ளாதீர்கள். இரண்டாவது தடயம் போன் கடைசியாக ஆன் ஆன நேரம். இப்போதைய நேரத்திலிருந்து, பூட் ஆனதிலிருந்து ஓடிய நேரத்தைக் கழித்தால் அது கிடைக்கும். ஒரே போனில் உள்ள குளோன்கள் எல்லாம், போனை ரீஸ்டார்ட் செய்யும் வரை, ஏறக்குறைய ஒரே நொடியைக் காட்டும். பத்துக் கணக்கு, பத்து ஐடி, ஆனால் பூட் ஆன நொடி ஒன்றே என்றால் வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்தது சேமிக்கும் முறை. மாடல், திரை அளவு, சென்சார் பட்டியல், ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) பெயர், மொழி, நேர மண்டலம் எல்லாவற்றையும் ஒட்டி ஒரே ஹாஷ் (தரவைச் சுருக்கிய குறியீடு) ஆக்கி வைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஓஎஸ் அப்டேட் ஒன்று வந்தால் போதும், ஹாஷ் முழுவதும் மாறி, பழைய வாடிக்கையாளர் புது ஆளாகத் தெரிவார். ஒவ்வொரு பண்பையும் தனி நெடுவரிசையில் வையுங்கள். மாறாதவற்றுக்கு எடை கூட, மாறக்கூடியவற்றுக்குக் குறைவு. ஓஎஸ் பதிப்பு மேலே போகலாம். கீழே இறங்கினால் சந்தேகப்படுங்கள். எடையை எப்படிப் போட்டாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: லட்சக்கணக்கில் விற்ற ஒரு பட்ஜெட் மாடல், தமிழ் மொழி, இந்திய நேரம் என்றால் எத்தனையோ பேருக்கு ஒரே ரேகைதான் வரும். ஐபி முகவரியும் துணைக்கு வராது. மொபைல் டேட்டாவில் ஒரே ஐபிவி4 முகவரியின் பின்னால் ஏராளமானோர் இருப்பார்கள்.

ஆகவே ரேகையைத் துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, ஆதாரத்தை ஹார்டுவேரிடம் கேளுங்கள். ஆப் முதல்முறை திறக்கும்போது சர்வர் 32 பைட் சீரற்ற எண் ஒன்றை அனுப்பட்டும். ஆப் அந்த எண்ணைக் கொடுத்து, ஆன்ட்ராய்டு கீஸ்டோரில் (போனின் சாவிப் பெட்டகம்) பி-256 வகை மறையாக்கச் சாவி ஒன்றை உருவாக்கி, அதற்கான சான்றிதழ்ச் சங்கிலியை (ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும் சான்றிதழ்கள்) திருப்பி அனுப்ப வேண்டும். சர்வர் சரிபார்க்க வேண்டியவை: சங்கிலியின் வேர் கூகுளுடையதா, அனுப்பிய எண்ணே உள்ளே இருக்கிறதா, சாவி இருப்பது டிஇஇ, ஸ்ட்ராங்பாக்ஸ் என்ற பாதுகாப்பான ஹார்டுவேர் பகுதியிலா அல்லது வெறும் சாஃப்ட்வேரிலா, பூட்லோடர் (போனைத் தொடங்கும் நிரல்) பூட்டியிருக்கிறதா, பேக்கேஜ் பெயரும் கையொப்பமும் உங்களுடையவையா. இங்கே பலர் விட்டுவிடுவது ரத்துப் பட்டியல், அதாவது இனி நம்பக்கூடாத சாவிகளின் பட்டியல். கசிந்த சாவிகளை வைத்து ரூட் போன்கள் நல்ல பிள்ளை வேஷம் போடுகின்றன. கூகுள் வெளியிடும் ரத்துப் பட்டியலை நாள்தோறும் இறக்கி ஒப்பிடாவிட்டால் இந்தச் சோதனை முழுவதும் வீண். இந்தச் சாவி ஆப்பை நீக்கினால் போய்விடும், ஆன்ட்ராய்டு ஐடி நிற்கும். அதனால்தான் இரண்டும் வேண்டும்.

முடிவெடுப்பது சர்வரில் மட்டும். ஆப் தகவலைத் திரட்டிக் கொடுக்கட்டும், அவ்வளவே. கணக்குத் தொடங்குவதைத் தடுக்காதீர்கள். கூப்பனைச் செலுத்தும் இடத்தில் 'இந்தச் சலுகை இந்தக் கணக்குக்கு இல்லை' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்துங்கள். எந்தத் தடயத்தில் சிக்கினோம் என்று தெரிந்தால் அடுத்த நாளே அதை மாற்றிக்கொண்டு வருவார்கள். டெலிவரி முகவரியையும் யுபிஐ முகவரியையும் ஒப்பிடுங்கள். போனை மாற்றுவது சுலபம், அரிசி மூட்டை வந்து இறங்கும் வீட்டை மாற்றுவது கஷ்டம்.

ஐபோனில் இதே வேலையை எப்படிச் செய்வது?
— அதே வாசகர்

ஐபோனில் பொறுக்கிச் சேர்க்கும் வேலையே வேண்டாம். பயனர் அனுமதி தந்தாலும் ஃபிங்கர்பிரின்ட் எடுப்பதற்கு ஆப்பிள் தடை போட்டிருக்கிறது. 2024 மே 1 முதல் பூட் நேரம், டிஸ்க் இடம் போன்றவற்றைப் படிக்கும் ஏபிஐகள் (ஆப், போனிடம் தகவல் கேட்கும் வழிகள்) ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதித்தர வேண்டும். இல்லாவிட்டால் ஆப் ஸ்டோரில் ஏற்க மாட்டார்கள். மேலே சொன்ன பூட் நேரத் தந்திரம் இங்கே செல்லாது.

பதிலுக்கு ஆப்பிளே இரண்டு கருவிகள் தருகிறது. டிவைஸ்செக், ஒவ்வொரு டெவலப்பருக்கும் போன் ஒன்றுக்கு 2 பிட் (ஆம்/இல்லை என்ற இரண்டு குறிகள்) சேமித்து வைக்கும். போனை முழுவதுமாக அழித்தாலும் அது போகாது. முதல் பிட்டை 'வரவேற்புக் கூப்பன் வாங்கியாயிற்று' என்பதற்கும், இரண்டாவதை 'மோசடி உறுதி' என்பதற்கும் ஒதுக்குங்கள். கடைசியாக மாற்றிய மாதமும் ஆண்டும் கூடவே வரும். போன் கைமாறினால் வாங்கியவர் தலையில் பழைய பழி விழும் என்பதால், ஓராண்டு தாண்டிய குறியைப் பொருட்படுத்தாமல் விடுவது நியாயம். மற்றொன்று ஐஓஎஸ் 14-இல் வந்த ஆப் அட்டெஸ்ட். சாவி, செக்யூர் என்க்ளேவ் என்ற ஐபோனின் பாதுகாப்பான சிப் பகுதியில் இருக்கும், ஒவ்வொரு கையொப்பத்துக்கும் அதன் எண்ணிக்கை ஒன்று கூடும். சர்வரில் உள்ள எண்ணைவிடக் குறைவாகவோ சமமாகவோ வந்தால் யாரோ பழைய கையொப்பத்தை மறுபடி அனுப்புகிறார்கள் என்று பொருள்.

விற்பனையாளர் ஐடி என்கிற ஐடிஎஃப்வி-யை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். உங்கள் நிறுவனத்தின் ஆப்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டால் அது மாறிவிடும்.

என் பேங்க் ஆப் 'டெவலப்பர் ஆப்ஷன் ஆனில் உள்ளது' என்று சொல்லித் திறக்க மறுக்கிறது. போனில் எந்தத் தவறும் செய்யவில்லையே?
— தஞ்சாவூர்

செட்டிங்ஸில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பக்கத்தின் மேலே உள்ள சுவிட்சை அணையுங்கள், திறந்துவிடும். யுஎஸ்பி டீபக்கிங் ஆனில் இருந்தால் கம்ப்யூட்டரிலிருந்து போனை இயக்கலாம் என்ற பயத்தில் வைத்த தடை இது. அணைக்க ஒரு நொடி போதும் என்பதால் திருடனுக்கு இது தடையே அல்ல, தொந்தரவெல்லாம் உங்களுக்குத்தான். எங்கள் கருத்தில் இதை ஒரு சிறு மதிப்பெண்ணாக வைத்தாலே போதும்.

ப்ளே இன்டெக்ரிட்டி (போனும் ஆப்பும் அசலா என்று சொல்லும் கூகுள் சேவை) சேர்த்ததும் ஒரு நட்சத்திர விமர்சனங்கள் குவிகின்றன. நேர்மையானவர்களும் உள்ளே வர முடியவில்லையாம். கழற்றிவிடலாமா?
— சென்னை

கழற்ற வேண்டாம், அளவைச் சரிசெய்யுங்கள். கூகுளின் பழைய சோதனையான சேஃப்டிநெட்டின் இடத்துக்கு வந்த இந்த ஏபிஐ மூன்று படிகளில் தீர்ப்பு தரும்: பேசிக், டிவைஸ், ஸ்ட்ராங். 2025 மே முதல், ஆன்ட்ராய்டு 13 அல்லது அதற்கு மேற்பட்ட போனுக்கு ஸ்ட்ராங் கிடைக்க வேண்டுமானால் கடந்த 12 மாதத்துக்குள் பாதுகாப்பு அப்டேட் வந்திருக்க வேண்டும். கம்பெனி அப்டேட் அனுப்புவதை நிறுத்திவிட்ட பட்ஜெட் போன் வைத்திருப்பவர் அதில் தோற்பது அவர் குற்றமல்ல. எல்லோரிடமும் ஸ்ட்ராங் கேட்டால் விமர்சனம் வரத்தான் செய்யும். உள்நுழைய பேசிக், பணம் அனுப்ப டிவைஸ், பெரிய தொகைக்குப் புதிய பெறுநரைச் சேர்க்க ஸ்ட்ராங் என்று பிரித்துக்கொள்ளுங்கள். படியை எட்டாதவரை வெளியே தள்ளாமல் கூடுதலாக ஒரு சரிபார்ப்பு கேளுங்கள்.

டைம்அவுட் ஆனாலோ கூகுள் சேவைகளே இல்லாத போனாக இருந்தாலோ பதில் 'தெரியவில்லை' என்றுதான் பதிவாக வேண்டும்; பல ஆப்களின் நிரலில் அது 'மோசடி' என்று விழுகிறது. நாளொன்றுக்கு இயல்பான ஒதுக்கீடு 10,000 கோரிக்கைகள். ஆப் திறக்கும்போதெல்லாம் கேட்டால் மதியத்துக்குள் தீர்ந்து, மாலையில் எல்லாரும் 'தெரியவில்லை' ஆவார்கள். பதிவு, பணம், கூப்பன் இந்த மூன்று இடங்களில் மட்டும் கேளுங்கள். கேட்கும்போது அந்தப் பரிவர்த்தனையின் ஹாஷைக் கோரிக்கையோடு சேர்த்துக் கட்டுங்கள். கட்டாவிட்டால், சுத்தமான போனில் வாங்கிய டோக்கனை (கூகுள் தந்த தீர்ப்புச் சீட்டு) எமுலேட்டரில் (கம்ப்யூட்டரில் ஓடும் போலிப் போன்) செலவழித்துவிடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வந்த ஏபிகே-யை (ஆப்பை நிறுவும் கோப்பு) உறவினர் திறந்துவிட்டார். சிம் அவர் போனிலேயே இருந்தது. ஆனாலும் அவர் யுபிஐ வேறு போனில் பதிவாகிவிட்டது. சிம் இல்லாமல் எப்படி?
— மதுரை

யுபிஐ ஆப் பதிவாகும்போது போனிலிருந்து குறியீடு கொண்ட ஒரு எஸ்எம்எஸ் வெளியே போகும். அது எந்த எண்ணிலிருந்து வந்ததோ அந்த எண்ணையும் ஆப் இருக்கும் போனையும் வங்கி முடிச்சுப் போடும். இங்கே பலவீனம் என்னவென்றால், குறியீட்டை உருவாக்கிய போனும் எஸ்எம்எஸ் அனுப்பிய போனும் ஒன்றுதானா என்பதை அந்த எஸ்எம்எஸ் மட்டும் சொல்லாது. திருடன் தன் போனில் ஆப்பைத் திறந்து குறியீட்டை எடுக்கிறான். உறவினர் போனில் இருக்கும் ஏபிகே, எஸ்எம்எஸ் அனுமதியை வாங்கி வைத்திருப்பதால், அதே குறியீட்டை அவர் சிம்மிலிருந்து அனுப்புகிறது. யுபிஐ பின் எண் அமைக்க வரும் ஓடிபி-யையும் அதுவே படித்துக் கொடுக்கிறது.

உடனே செய்ய வேண்டியது: அந்தப் போனில் டேட்டா, வைஃபை இரண்டையும் அணைத்து, சிம்மைக் கழற்றுங்கள். வேறு போனிலிருந்து சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் வங்கிக்கும் பேசி யுபிஐ-யை முடக்கச் சொல்லுங்கள். படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகே சிம்மைத் திரும்பப் போட வேண்டும். புதிய போனில் பதிந்த முதல் 24 மணி நேரத்துக்கு யுபிஐ-யில் ரூ.5,000 வரம்பு இருப்பதால், விரைவாக நகர்ந்தால் இழப்பு குறையும்.

ஆப் எழுதுகிறவர்களுக்கும் இதில் வேலை உண்டு. குறியீடு ஒருமுறைக்கு மட்டும், சில நிமிடங்களுக்கு மட்டும் செல்லட்டும். புதுப் பதிவு நடந்ததும் ஏற்கெனவே பதிந்த பழைய போனுக்கு ஆப் வழியே எச்சரிக்கை அனுப்புங்கள். எஸ்எம்எஸ் எச்சரிக்கையை ஏபிகே விழுங்கிவிடும்.

திரையைப் பகிரச் சொல்லி ஏமாற்றுவதை ஃபிங்கர்பிரின்ட் பிடிக்குமா?
— திருச்சி

பிடிக்காது. போன் அசல், சிம் அசல், விரலும் உரிமையாளருடையது. அங்கே பார்க்க வேண்டியது போனின் அப்போதைய நிலை. ப்ளே இன்டெக்ரிட்டியில் ஆப் ஆக்சஸ் ரிஸ்க் என்ற தனித் தீர்ப்பு, வேறு ஆப் திரையைப் பிடிக்கிறதா, இயக்குகிறதா என்று சொல்லும். போன் அழைப்பில் இருக்கிறதா என்பதை போனின் ஒலியைக் கையாளும் ஆடியோ மேனேஜரின் நிலையிலிருந்து எந்த அனுமதியும் இல்லாமல் அறியலாம். அழைப்பு நடக்கிறது, திரை பகிரப்படுகிறது, புதிய பெறுநருக்குப் பெரிய தொகை என்று மூன்றும் ஒன்றாக வந்தால் நிறுத்தி வையுங்கள்.

இ-சேவை மையம் நடத்துகிறேன். ஒரே போனில் பலருக்கு விண்ணப்பம் போடுவதால் சில ஆப்கள் என்னைத் தடுக்கின்றன.
— விழுப்புரம்

முடிந்தவரை ஆப்பை விட்டு இணையதளம் வழியாகப் போடுங்கள், முகவர் லாகின் இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். 'ஒரு போனில் 3 கணக்குக்கு மேல் கூடாது' என்று கண்மூடி வரம்பு வைக்கிற டெவலப்பர்கள்தான் இதற்குக் காரணம். மாதம் முழுக்கக் கடை நேரத்தில் பரவி வரும் 30 கணக்கும், ஒரே இரவில் 2 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே வரும் 30 கணக்கும் ஒன்றல்ல. எண்ணிக்கையோடு நேரத்தையும் சேர்த்துப் பார்த்தாலே கடையும் கள்ளனும் பிரிந்துவிடும்.

ரேகையை இரண்டாவது அங்கீகாரமாகக் கணக்கில் எடுக்கலாமா? பயனரிடம் சொல்ல வேண்டுமா?
— பெங்களூரு

ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாக வைத்த விதிகள் டிஜிட்டல் பணப் பரிவர்த்தனைக்குப் பயனரை உறுதிசெய்யும் காரணிகள் குறைந்தது இரண்டு கேட்கின்றன. போனின் பண்புகளைப் பட்டியலிட்ட ரேகையைப் பார்த்து எழுதிவிடலாம் என்பதால் அதை நாங்கள் காரணியாக எண்ண மாட்டோம். போனை விட்டு வெளியேறாத ஹார்டுவேர் சாவி 'பயனரிடம் இருக்கும் பொருள்' என்று நிற்கும். ரேகை, அதற்கு மேல் ஆபத்தை எடைபோட உதவும்.

சொல்லத்தான் வேண்டும். கணக்கோடு இணைந்த போன் ஐடி தனிநபர் தரவு. 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு தர வேண்டும். அப்படியானால் தமிழிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ப்ளே ஸ்டோரின் டேட்டா சேஃப்டி படிவத்தில் 'டிவைஸ் ஐடி' பிரிவைக் குறித்து, நோக்கமாக மோசடித் தடுப்பைத் தேர்ந்தெடுங்கள். வெளியார் எஸ்டிகே (ஆப்பில் சேர்க்கும் ஆயத்த நிரல்) சேர்த்திருந்தால் அது எடுப்பதும் உங்கள் கணக்கில்தான் வரும். அதே தரவை விளம்பரப் பிரிவு எடுத்துப் பயன்படுத்துகிறதா என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.