இரண்டு பேர் சேர்ந்து பரதநாட்டியம் ஆடுவது தனியாக ஆடுவதைவிடச் சுலபமா?

தோழியோடு சேர்ந்து ஒரு மணி நேர நிகழ்ச்சி ஆடப்போவதாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் சமாளித்துக்கொள்வார் என்ற கணக்காக இருக்கும். என் சித்தி மகளும் நானும் பல வருடம் ஜோடியாக ஆடியவர்கள். "ரெண்டு பேர்னா பாதி வேலைதானே" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதலில் ஜதி, அதாவது தாளச் சொற்களுக்கு ஆடும் பகுதி. இரண்டு ஜோடிச் சலங்கை. ஒருவர் பாதம் இம்மி முந்தினாலும் 'ஜல்' என்று விழவேண்டியது 'ஜலஜல' என்று சிதறும், கடைசி வரிசைக்கும் கேட்கும். அதனால் எங்கள் டீச்சர் முதுகோடு முதுகு நிற்கவைத்துத்தான் ஜதியை முடிக்கும் பகுதியான தீர்மானத்தை ஆடச்சொல்வார். பக்கத்தில் பார்த்துப் பிடிக்கிறவள் எப்போதும் பிந்துவாள் என்பார். சித்தி மகள் என்னைவிட நெடுநெடு உயரம். முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியை நான் கொஞ்சம் தளர்த்தினால் தோள் சமமாகிவிடும். டீச்சர் விடமாட்டார்: "உயரம் கடவுள் குடுத்தது, மண்டி நீ குடுக்கிறது." எதிரெதிரே கண்ணாடி பிம்பமாக ஆடும்போது ஒருத்தி இடது பக்கம் தொடங்கியாக வேண்டும். அது எப்போதும் என் தலையில்தான்.

இதெல்லாம்கூடப் பயிற்சியில் வந்துவிடும். ஜதியும் அபிநயமும் கலந்த நீண்ட உருப்படியான வர்ணம்தான் ஆளைச் சோதிக்கும். தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய மார்க்கம் என்ற உருப்படி வரிசை, நாயகி, தோழி, நாயகன் எல்லாமே ஒருத்தியாக மாறி மாறி ஆடுவதற்கென்று அமைந்தது. அதை இரண்டாகப் பிரித்தால் ஆடாத நேரத்தில் மற்றவள் என்ன செய்வாள்? எங்கள் வர்ணத்தில் சித்தி மகள் நாயகி, நான் தோழி. குளக்கரையில் நாயகனைப் பார்த்த கதையை அவள் சஞ்சாரியில், அதாவது பாட்டு வரியை அபிநயத்தால் விரிக்கும் இடத்தில், சொல்லும்போது நான் சும்மா நின்றால் மரம், முகத்தைக் காட்டினால் அவளிடமிருந்து பிடுங்கியதாகிவிடும். டீச்சர் என்னைப் பூத்தொடுக்க வைத்தார். விரல் நாரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். "வருகிறேன் என்றவன் வரவில்லை" என்று அவள் காட்டும் இடத்தில் விரல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். முகம் கூடாது. அந்த ஒரு நிறுத்தத்துக்குப் பட்ட பாடு மொத்த ஜதிக்கும் படவில்லை.

தனஞ்ஜெயன், சாந்தா தம்பதியின் பதிவு கிடைத்தால் பாருங்கள். கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியில் படித்து, 1968இல் பரத கலாஞ்சலி என்ற தங்கள் பள்ளியைத் தொடங்கியவர்கள். ஆடுகிறவரை விட்டுவிட்டு மற்றவரையே கவனியுங்கள். அவர்கள் கணவன் மனைவி, நாயகன் நாயகி தானாக அமைந்துவிடும், நமக்கு எப்படி என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். தோழி பாத்திரத்தையும் ஆடிப் பார்த்துவிட்டு வரட்டும், பேசலாம். பரதத்தில் ஜோடியே கூடாது என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

இன்னொன்று, கேட்காததுதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு சபாவில் எங்கள் இருவரையும் தோளோடு தோள் ஒட்ட நிறுத்தி ஒரே பொன்னாடையைப் போர்த்திப் போட்டோ எடுத்தார்கள். சன்மானக் கவரும் ஒன்றுதான். மேக்கப்காரர் மட்டும் இரண்டு முகத்துக்குக் காசு வாங்கினார், டிரெஸ்ஸுக்கும் அப்படியே. விமர்சனம் எழுதியவருக்கோ புடவை நிறம் மட்டும்தான் கண்ணில் பட்டது!

சரி, உங்களுக்கு: தாளமே முக்கியமான அலாரிப்பு, ஜதிஸ்வரம், தில்லானாவைச் சேர்ந்து ஆடுங்கள். நடுவில் ஆளுக்கொரு பதம், அதாவது நிதானமான அபிநயப் பாட்டு, தனியாக வைத்துக்கொண்டால் மூச்சும் கிடைக்கும். வர்ணத்தை அடுத்த நிகழ்ச்சிக்குத் தள்ளிவையுங்கள். சன்மானத்தை மட்டும் ஆளுக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.