ஒன்றாம் படிவ அறிவியல் வகுப்பும் ஒரு தாயாரின் கவலையும்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

பேராக், சுங்கை சிப்புட்டிலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதமும், அதனுடன் இணைத்திருந்த இரண்டு பக்க மலாய்த் தாளும் கிடைத்தன. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அறிவியலை விரும்பிப் படித்த உங்கள் மகள், தேசிய இடைநிலைப்பள்ளியில் ஒன்றாம் படிவத்துக்குப் போன முதல் வாரத்திலேயே அறிவியல் ஆசிரியை கொடுத்த விதிமுறைத் தாளை நீட்டிக் கையொப்பம் கேட்டாள் என்றும், அதில் 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற வரி திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு உங்களுக்குத் தூக்கமே வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாடம் மலாய்மொழியில் நடப்பதால் பிள்ளை பின்தங்கிவிடுவாளோ, தாதியாக வேண்டும் என்ற அவளுடைய ஆசை முதல் ஆண்டிலேயே கலைந்துவிடுமோ என்பதுதான் உங்கள் கவலை. தாளை முழுமையாகப் படித்தேன். மிரட்டுவதற்காக எழுதப்பட்ட ஒரு வரிகூட அதில் இல்லை. அந்த ஆசிரியை பிள்ளைகளிடம் எதை எதிர்பார்க்கிறார், எதைப் பார்த்து மதிப்பிடுவார் என்பதை முன்கூட்டியே திறந்து சொல்லியிருக்கிறார். இப்படிச் சொல்லும் ஆசிரியர் அமைந்தது உங்கள் மகளுக்கு நல்லது.

முதல் பக்கம் முழுவதும் ஆய்வுக்கூட ஒழுங்கைப் பற்றியது. ஆசிரியர் இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது, நீண்ட தலைமுடியைக் கட்டியிருக்க வேண்டும், உள்ளே எதையும் உண்ணவோ பருகவோ கூடாது, எந்த இரசாயனத்தையும் நேராக மூக்கருகே கொண்டுபோய் முகரக் கூடாது என்றெல்லாம் வருகிறது. 2017-இல் ஒன்றாம் படிவத்தில் தொடங்கிய கே.எஸ்.எஸ்.எம். என்ற இடைநிலைப்பள்ளிக் கலைத்திட்டத்தில் அறிவியல் பாடத்தின் முதல் அத்தியாயமே அறிவியல் ஆய்வுக்கான அறிமுகம்தான். கருவிகளின் பெயர்கள், அபாயக் குறியீடுகள், ஆய்வுக்கூட விதிகள் எல்லாம் அதில் அடங்கும். ஆகவே இந்த விதிகளை அறிந்துகொள்வதும் பாடம் படிப்பதே ஆகும். இவற்றுள் ஒன்றை மட்டும் நீங்களே மகளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண்ணாடிப் பொருள் ஏதேனும் உடைந்தால் உடனே ஆசிரியையிடம் சொல்ல வேண்டும், கையால் பொறுக்கக் கூடாது என்பதுதான் அது. வீட்டில் காசு கேட்கும்படி ஆகிவிடுமே என்ற பயத்தில் உடைந்த சோதனைக் குழாயை மறைத்துக் கையைக் கிழித்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. 'உடைந்தால் சொல்லிவிடு, அம்மா திட்டமாட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இரண்டாம் பக்கத்தில் மதிப்பீட்டைப் பற்றி இருப்பதை நிதானமாகப் படிக்க வேண்டும். உங்கள் மூத்த பிள்ளைகள் படித்த காலத்தில் மூன்றாம் படிவத்தின் இறுதியில் ஓர் அரசாங்கத் தேர்வு இருந்தது. அதுவரை எப்படியோ ஓட்டிவிட்டுக் கடைசி சில மாதங்களில் முட்டிமோதிப் படித்துத் தேறியவர்களும் இருந்தார்கள். பிடி3 என்ற அந்தத் தேர்வு 2022-இல் அகற்றப்பட்டது. அதன் பிறகு கீழ்நிலைப் படிவங்களில் பிபிடி எனப்படும் வகுப்பறை மதிப்பீடே பெரும் பங்கு வகிக்கிறது. ஆண்டு முழுவதும் பிள்ளையின் எழுத்துவேலை, பரிசோதனை, வாய்மொழி விளக்கம், குழுப்பணி ஆகியவற்றைக் கவனித்து ஆசிரியர் அவளுக்கு 1 முதல் 6 வரை ஓர் அடைவுநிலையைப் பதிவு செய்கிறார். ஒன்றாம் நிலையில் இருப்பவள் பாடத்தை நினைவுகூர்கிறாள், இரண்டில் புரிந்துகொள்கிறாள், மூன்றில் எளிய வேலைக்குப் பயன்படுத்துகிறாள், நான்கில் பகுத்தாராய்கிறாள், ஐந்தில் மதிப்பிட்டு முடிவெடுக்கிறாள், ஆறில் தானாகவே புதிதாக ஒன்றை உருவாக்குகிறாள். ஆண்டிறுதியில் உவாசா என்ற தேர்வும் பள்ளியில் நடக்கும். ஆனால் ஆண்டு முழுவதும் அறிக்கை ஒப்படைக்காத பிள்ளையை அந்த ஒரு தேர்வு கைதூக்கிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

ஆகவேதான், பரிசோதனை முடிந்த ஒரு வாரத்திற்குள் அறிக்கை வர வேண்டும், தக்க காரணமின்றித் தாமதமானால் பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும் என்று ஆசிரியை எழுதியிருக்கிறார். வருகையைப் பற்றிய வரியும் அதே காரணத்தால் கடுமையாக இருக்கிறது. தைப்பூசத்திற்குப் பேராக்கில் பொது விடுமுறை உண்டு. அதற்கு முன்னும் பின்னும் நாம் சேர்த்துக்கொள்ளும் நாட்கள்தான் சிக்கல். உறவினர் வீட்டுத் திருமணம், தோட்டத்துக் கோயில் திருவிழா என்று விடுப்பெடுத்தால், தவறிய பாடத்தைத் தோழியின் ஏட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். தவறிய பரிசோதனையை யாருடைய ஏட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ள முடியாது. உடல்நலக் குறைவென்றால் மருத்துவச் சான்றிதழை அனுப்புங்கள். பள்ளிப் பேருந்து தாமதமானால் வகுப்புப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் அன்றைக்கே ஒரு வரி எழுதிவிடுங்கள். கைத்தொலைபேசி கொண்டுவரக் கூடாது என்பது நாடு முழுவதும் பள்ளிகளில் உள்ள விதியே. அதில் யோசிக்க ஏதுமில்லை.

அடுத்தவர் அறிக்கையைப் பார்த்து எழுதக் கூடாது என்ற விதியை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 'நால்வரும் ஒரே பரிசோதனையைச் செய்தால் விடை ஒன்றாகத்தானே இருக்கும், அதற்கும் தண்டனையா?' என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே குழுவில் இருப்பவர்களின் அட்டவணையில் ஒரே அளவுகள் இருப்பது இயல்பு. அதை ஆசிரியை குற்றமாகக் கொள்ளமாட்டார். அந்த அளவுகளிலிருந்து என்ன ஊகிக்கிறாள், என்ன முடிவுக்கு வருகிறாள் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் தன் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும் என்பதுதான் அவர் கேட்பது. நான் பார்த்தவரையில், மலாய் வாக்கியம் அமைக்கத் தயங்கும் நம் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் அடுத்தவர் தாளை எட்டிப் பார்க்கிறார்கள். சோம்பலால் செய்வதில்லை.

உங்கள் மகளின் உண்மையான சிக்கலும் அதுவே. அவளுக்கு அறிவியல் தெரியும். உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள் அமைத்தல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல் ஆகிய செயற்பாங்குத் திறன்களைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் நன்றாகவே கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றாம் படிவத்தில் அதே திறன்கள் பெமர்ஹாத்தியான், இன்ஃபெரென்ஸ், ஹிப்போதெசிஸ், பெம்போலே உபா என்று வேறு பெயர்களில் வருகின்றன. தனக்குத் தெரிந்ததுதான் இது என்று பிள்ளை உணர்வதற்குள் சில மாதங்கள் ஓடிவிடுகின்றன. அதற்குள் 'எனக்கு அறிவியல் வராது' என்ற எண்ணம் மனத்தில் வேரூன்றிவிடுகிறது. அந்தச் சில மாதங்களைச் சில வாரங்களாகச் சுருக்க வீட்டிலேயே முடியும்.

ஊசல் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் படிவத்தின் முதல் அத்தியாயத்தில் வருவது, ஆய்வுக்கூடமே தேவையில்லை. ஒரு நூலில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டி, நூலின் மறுமுனையைக் கதவு நிலையில் அடித்த ஆணியில் மாட்டுங்கள். ஆணியிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை 20 சென்டிமீட்டர் இருக்கட்டும். மெதுவாக ஒரு பக்கம் இழுத்து விட்டு, பத்து முறை போய்வர ஆகும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தால் ஏறத்தாழ 9 விநாடி வரும். நூலை 80 சென்டிமீட்டராக நீட்டினால் ஏறத்தாழ 18 விநாடி வரும். நீளம் நான்கு மடங்கானபோது நேரம் இரண்டு மடங்குதான் ஆனது என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். பிறகு அவள் தமிழில் சொல்லட்டும்: நாம் மாற்றியது நூலின் நீளம், எனவே அது தற்சார்பு மாறி, அதனால் மாறியது நேரம், எனவே அது சார்பு மாறி, மாற்றாமல் வைத்தது நட்டு, எனவே அது கட்டுப்படுத்தப்பட்ட மாறி. அடுத்து அதே மூன்றையும் மலாயில் சொல்லட்டும்: டிமானிபுலாசிகான், பெர்கெராக் பாலாஸ், டிமாலார்கான். கருதுகோளையும் எழுதட்டும்: 'செமாக்கின் பாஞ்சாங் பண்டுல், செமாக்கின் லாமா தெம்போ ஆயுனான்.' ஊசல் நீளமாக நீளமாக அது ஆடும் நேரமும் கூடும் என்பது இதன் பொருள். இந்த ஒரு வாக்கிய அமைப்பு கைவந்தால், மூன்று படிவங்களிலும் வரும் பெரும்பாலான கருதுகோள்களை அதே அச்சில் அவள் எழுதிவிடலாம். இதற்கு உங்களுக்கு மலாய் அறிவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, 'எதை மாற்றினாய், எது மாறியது, எதை மாற்றவில்லை?' என்று தமிழில் கேட்டால் போதும்.

ஒரு தனி ஏடு போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் தமிழ்ச்சொல், வலப்பக்கம் மலாய்ச்சொல், கீழே அவளே வரைந்த ஒரு சிறிய படம். பாடநூலில் எழுதக் கூடாது. அது பாடநூல் இரவல் திட்டத்தின் கீழ் கிடைத்தது, நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டும், தொலைந்தால் விலை கட்ட வேண்டும்.

இருமொழித் திட்ட வகுப்புக்கு மாற்றி ஆங்கிலத்தில் படிக்கவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியில் அந்த வகுப்பு இருந்து, பிள்ளை ஆங்கிலக் கதைப்புத்தகத்தைத் தடையின்றிப் படிக்கிறாள் என்றால் யோசிக்கலாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவளுக்கு ஆங்கிலத்தைவிட மலாய் எளிதாக வருகிறது. அப்படியிருக்க, ஆங்கிலம் பெருமை என்பதற்காக மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் அறிவியல் வினாத்தாள் மலாய், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் அச்சிடப்படுகிறது. ஆங்கிலத்தைப் பின்னாலும் சேர்த்துக்கொள்ளலாம். டியூஷன் வகுப்பைப் பொறுத்தவரை முதல் பருவம் வரை பொறுத்திருங்கள். மாலையில் டியூஷனுக்கு ஓடி, இரவில் களைத்து வந்து, பள்ளி அறிக்கையை எழுதாமல் தூங்கிவிடும் பிள்ளைக்கு டியூஷனால் பயனில்லை.

நீங்கள் இரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலில் இருப்பதால், 'எனக்கு என்ன தெரியும், நான் சொல்லிக்கொடுக்க?' என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்து வருந்தினேன். கித்தாப் பால், அதைப் பிடிக்கும் கிண்ணமான மங்கிலேயே நெடுநேரம் கிடந்தால் கட்டியாகிவிடும் என்பதும், அமிலம் ஊற்றினால் விரைவில் உறையும் என்பதும், அம்மோனியா கலந்தால் உறையாமல் நிற்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் படிவ வேதியியலில் இது ஒரு பாடம். பாலில் மிதக்கும் இரப்பர்த் துகள்களைச் சுற்றிப் புரதப் படலம் இருக்கிறது; அதன்மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே நிற்கின்றன. ஃபார்மிக் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்ததும் துகள்கள் மோதி, படலம் உடைந்து, இரப்பர் திரண்டுவிடுகிறது. அமிலம் ஊற்றாமலே மங்கில் உறைவதற்குக் காரணம், காற்றிலுள்ள பாக்டீரியா பாலில் புகுந்து அமிலத்தை உண்டாக்குவதுதான். அந்த அமிலத்தை அம்மோனியா முறித்துவிடுவதால் பால் நீர்மமாகவே இருக்கிறது. இந்தப் பாடம் வரும்போது வகுப்பில் பலர் படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்வார்கள். உங்கள் மகள் ஒரு விடுமுறை நாளில் உங்களோடு வந்து கண்ணால் பார்த்திருக்கலாம். இப்போதே அழைத்துப்போய்க் காட்டுங்கள். அமிலத்தை மட்டும் அவள் தொட வேண்டாம்; அது தோலைப் புண்ணாக்கும்.

தாதித் தொழிலைப் பற்றி இப்போது சொல்லக்கூடியது இவ்வளவுதான். நான்காம் படிவத்தில் பாடத்தொகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுக்காதவர்கள் பொது அறிவியலை எஸ்.பி.எம்.மில் எழுதுவார்கள். தாதியர் டிப்ளோமாவுக்கு அறிவியல் பாடம் ஒன்றில் கிரெடிட் கேட்பது வழக்கம். கிரெடிட் என்றால் சி அல்லது அதற்கு மேல். டி, இ ஆகியவை வெறும் தேர்ச்சிதான். நுழைவு நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியையே பார்க்க வேண்டும். பிற்பாடு மருத்துவமோ மருந்தியலோ படிக்க ஆசை வந்தால் தனி அறிவியல் பாடங்கள் தேவைப்படும். எனவே மூன்றாம் படிவம் வரை அந்தக் கதவை மூடாமல் வைத்திருப்பது நல்லது. அறிவியலிலேயே கண்ணாக இருந்து மலாய்மொழியையும் வரலாற்றையும் கோட்டைவிட்டுவிடாதீர்கள். இவ்விரண்டில் எதில் தவறினாலும் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது.

தாளில் கையொப்பமிட்டு நாளைக்கே கொடுத்தனுப்புங்கள். முதல் பரிசோதனை அறிக்கை திருத்தப்பட்டு வந்ததும் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், ஆசிரியை எந்த வாக்கியத்தின் கீழ்க் கோடிட்டிருக்கிறார் என்று பாருங்கள். பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு நாளில் அந்த அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு போய், 'என் மகளுக்குக் கருத்துப் புரியவில்லையா, மலாயில் எழுத வரவில்லையா?' என்று கேளுங்கள். எழுத வரவில்லை என்றால், அந்தச் சொல்லேட்டை மலாய் ஆசிரியரிடமும் காட்டச் சொல்லுங்கள். கருத்தே புரியவில்லை என்றால், எந்த அத்தியாயம் என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். அவளுடைய ஆறாம் ஆண்டு அறிவியல் புத்தகத்தில் அதன் தொடக்கம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து எப்படிப் படிப்பது என்று அவளுக்கே தனியாக எழுதி அனுப்புகிறேன்.