பாதி உயர்ந்த கை

அன்புள்ள ஐயா,
எங்கள் சங்கப் பொதுக்குழுவில் நான்கு பகுதிகள் கொண்ட தீர்மானம் ஒன்று வந்தது. மூன்றில் எனக்குச் சம்மதம், ஒன்றில் இல்லை. முழுவதற்கும் ஒரே வாக்கெடுப்பு என்றார் தலைவர். நான் கை தூக்கவே இல்லை. அது எதிர்ப்பாகத்தானே கணக்காகும்?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆகாது. கூட்டம் நடத்தும் முறையைச் சொல்லும் ராபர்ட் விதிகளைப் பின்பற்றும் சங்கங்களில், விழுந்த வாக்குகளில் பாதிக்கு மேல் ஆதரவாக இருந்தால் சாதாரணத் தீர்மானம் நிறைவேறிவிடும். கை தூக்காதவர் எந்தப் பக்கமும் சேரமாட்டார். சரி, அதை விடுங்கள். தீர்மானத்தைப் பிரித்துத் தனித்தனியாக வாக்குக்கு விடும்படி நீங்கள் ஏன் எழுந்து கேட்கவில்லை?

பல வருடங்களுக்கு முன் ஒரு பொதுக்குழுவில், விடைபெறும் செயலாளருக்கு நன்றி, சந்தா உயர்வு, நிர்வாகிகளின் பதவிக்காலத்தை நீட்டிப்பது என்று மூன்றையும் ஒரே தீர்மானமாகக் கொண்டுவந்தார்கள். என் பக்கத்தில் செயலாளரின் பழைய நண்பர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கை தோள் வரை உயர்ந்து அங்கேயே நின்றது. இன்னொரு கையால் நிகழ்ச்சி நிரல் தாளின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தார். எண்ணியவர் அந்தக் கையையும் ஆதரவில் சேர்த்துவிட்டார். வெளியே வந்ததும் என்னிடம், "நன்றிக்குத்தான் தூக்கினேன்" என்றார். மினிட்ஸில் 'ஒருமனதாக' என்று எழுதியிருந்தார்கள். அன்று எனக்கும் விதி தெரியாது. இன்றும் அந்தக் கை கண்ணில் நிற்கிறது.

ஹென்றி ராபர்ட் ஓர் அமெரிக்க ராணுவப் பொறியாளர். 1863இல் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னபோது நடத்தத் தெரியாமல் தவித்தவர். 1876இல் அவர் வெளியிட்ட விதிகளின் வழிவந்த நூலைத்தான் இன்றும் பல சங்கங்கள் பின்பற்றுகின்றன. அதன்படி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விஷயங்களை ஒரே தீர்மானத்தில் கட்டியிருந்தால், ஒரே ஓர் உறுப்பினர் கேட்டாலே பிரித்தாக வேண்டும். சம்பந்தமுள்ளவை என்றால் பிரிக்கச் சொல்லி முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், பெரும்பான்மை வேண்டும். அதன்மேல் விவாதம் கிடையாது. ஆட்சேபம் இல்லாவிட்டால் தலைவரே பிரித்துவிடுவார்.

இதில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரிக்கும் ஒவ்வொரு பகுதியும் தனியாக நிற்க வேண்டும். முதல் பகுதி கட்டடம் வாங்குவது, இரண்டாவது அதற்குக் கடன் வாங்குவது என்று வையுங்கள். முதலாவது தோற்றால் கடன் எதற்கு? அப்படிப்பட்டதைப் பிரிக்க முடியாது. பிடிக்காத வரியை நீக்கச் சொல்லித் திருத்தம் கொடுங்கள். 'பத்தி பத்தியாகப் பார்ப்போம்' என்று கேட்டும் பலர் ஏமாந்துபோகிறார்கள். அதில் விவாதமும் திருத்தமும்தான் பத்தி பத்தியாக நடக்கும், கடைசியில் வாக்கு முழுவதற்கும் ஒன்றுதான். உங்களுக்கு வேண்டியது தனி வாக்கு. அதை வாக்கெடுப்பு தொடங்குவதற்குள் கேட்டுவிடுங்கள்.

பிடிக்காத அந்த நான்காவது பகுதி எது என்று நீங்கள் எழுதவே இல்லையே! அதை அப்படியே வரி மாறாமல் அனுப்புங்கள். தனியாக நிற்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.