லேப்டாப் ஆமையாக நகர்கிறது, ஃபார்மட் அடித்தால் சரியாகுமா?

கேள்வி: வீட்டிலிருந்தே நான்கைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். 2017-இல் வாங்கிய லேப்டாப். ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டுப் போய் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் டெஸ்க்டாப் முழுசாக வந்திருப்பதில்லை. கணக்கு மென்பொருளான டேலியைத் திறந்தால் ஐந்து நிமிடம் அசைவதில்லை. 20-ஆம் தேதி நெருங்கும்போது ஜி.எஸ்.டி. தளத்தில் ஒரு எண்ணைத் தட்டினால் அது திரையில் விழவே நேரமாகிறது. சர்வீஸ் கடையில் ஃபார்மட் அடிக்கச் சொல்கிறார்கள். மகன் புதுசு வாங்கச் சொல்கிறான். ரேம் மட்டும் கூட்டினால் போதுமா? சில நேரம் உள்ளேயிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தமும் வருகிறது.
(வாசகி ஒருவர், திண்டுக்கல்)

பதில்: போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வேகத்தைப் பிறகு பார்ப்போம், சகோதரி. முதலில் அந்தச் சத்தம்.

உங்கள் லேப்டாப்பில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க். இந்த வகை லேப்டாப்களில் பெரும்பாலும் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். அதைத் தொடாமல், தலைமுடியின் கனத்தைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் ஒரு சின்னத் தலை அங்குமிங்கும் ஓடிப் படிக்கிறது. ஆஃப் செய்யும்போது ஒரே ஒரு தடவை ‘டக்’ என்று கேட்டால் பயமில்லை. தலை தன் இடத்தில் போய் ஒதுங்கும் சத்தம் அது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரே தாளத்தில் டிக், டிக் என்று கேட்டு, அதே நேரம் எல்லாம் உறைந்து நின்றால் கதை வேறு. படிக்க வேண்டிய இடம் பிடிபடாமல் தலை திரும்பத் திரும்ப முயல்கிறது. அப்படிப்பட்ட டிஸ்க் இன்னும் ஒரு வருடம் ஓடலாம், நாளைக் காலையிலேயே நின்றும் போகலாம். அதில் இருப்பது உங்கள் கணக்கு மட்டுமல்ல, உங்களை நம்பிக் கொடுத்த கடைக்காரர்களின் கணக்கும்கூட.

ஆகவே இன்றைக்கே காப்பி எடுத்துவிடுங்கள். டேலி பிரைமில் ஆல்ட்டையும் ஒய்யையும் சேர்த்து அழுத்தினால் டேட்டா மெனு வரும், அதில் பேக்கப். ஒரு பென் டிரைவில் எல்லாக் கம்பெனிகளையும் எடுங்கள். அடுத்து எக்செல் கோப்புகள், தாக்கல் செய்த ரிட்டர்ன்கள், ஸ்கேன் செய்த பில்கள். பிறகு குடும்பப் படங்கள். சினிமா, பாட்டெல்லாம் கடைசியில். அளவில் சிறியதும் திரும்பக் கிடைக்காததும் முதலில் வெளியே வர வேண்டும். ஏதாவது ஒரு கோப்பில் காப்பி சிக்கிக்கொண்டால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள், தாண்டிப் போய் மற்றதை எடுங்கள். டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும்போது லேப்டாப்பைத் தூக்கவோ சாய்க்கவோ வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன்னால் உறவினர் ஒருவர் ‘மெதுவாக ஓடுகிறது’ என்று லேப்டாப்பைக் கொண்டு வந்தார். டிஸ்கின் நலத்தைப் பார்க்காமலே டீஃபிராக் ஓட விட்டேன். கோப்புகளை எடுத்து அடுக்கி வைக்கும் அந்த வேலை, ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த டிஸ்கை இரவு முழுக்க ஓட்டியிருக்கிறது. காலையில் டிஸ்க் எழுந்திருக்கவில்லை. அவர் மகளின் காதுகுத்துப் படங்கள் அதில் மட்டுமே இருந்தன. அன்றிலிருந்து, காப்பி எடுக்காத டிஸ்கில் நான் கைவைப்பதில்லை.

ஃபார்மட் அடிப்பதும் இதே வகைதான். பழுதாகிக்கொண்டிருக்கும் தட்டில் விண்டோஸை மறுபடி எழுதினால் சில வாரம் சுறுசுறுப்பாகத் தெரியும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. அதற்குள் உங்கள் டேட்டா போயிருக்கும். டிஸ்கைச் சோதிக்காமல் ஃபார்மட் என்று சொல்லும் கடையில் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்.

காப்பி எடுத்த பிறகு டிஸ்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. திறந்தவுடன் இடதுபுறம் ஒரு கட்டம் தெரியும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் கைவிட வேண்டிய நேரம். மஞ்சள் காட்டினால் கீழே 05, சி5, சி6 என்ற வரிசைகளைப் பாருங்கள். கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கப்பட்ட இடங்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள், சரிசெய்யவே முடியாமல் போனவை ஆகியவற்றின் கணக்கு அது. அந்த எண்கள் வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்கை மாற்றுவதைத் தவிர வழியில்லை. நீலம் காட்டினாலும் டிக், டிக் தொடர்ந்தால் நான் சத்தத்தைத்தான் நம்புவேன்.

இப்போது வேகம். எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் மாலை கால் மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட். விண்டோஸ் 10-இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருப்பதால், ஷட் டவுன் கொடுத்தாலும் உள்ளேயிருக்கும் பாதி நிலையை டிஸ்கில் சேமித்து வைத்துக்கொண்டு மறுநாள் அதையே எழுப்புகிறது. தினமும் அணைத்தும் பல வாரமாக உண்மையில் அணையாத லேப்டாப்கள் நிறைய உண்டு.

டெஸ்க்டாப் வந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சின்னதாக வந்தால் கீழே ‘மோர் டீடெய்ல்ஸ்’ஸைத் தட்டுங்கள். சி.பி.யு. (ஐ3 என்றீர்களே, அதுதான்), மெமரி (அதாவது ரேம்), டிஸ்க் என்று வரிசையாக சதவீதம் தெரியும். எதையும் திறக்காமல் பத்து நிமிடம் பாருங்கள். பிறகு டேலி, பிறகு குரோமில் ஜி.எஸ்.டி. தளம். எந்த நேரத்தில் எது 100-ஐத் தொடுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை வைத்துத்தான் எதில் பணம் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

என் ஊகம், உங்களுக்கு டிஸ்க் 100-இல் நிற்கும். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போய் டிஸ்கைச் சொடுக்கினால் அதன் வேகமும் பதிலளிக்க எடுக்கும் நேரமும் தெரியும். டிஸ்க் 100 சதவீதம் வேலையில் இருக்கும், வேகமோ வினாடிக்கு ஒன்றிரண்டு எம்.பி.தான் காட்டும். இது எப்படி? நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் வினாடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும், பிறகு வேண்டிய இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால், சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளில் வினாடிக்கு எழுபது எண்பதைப் படிப்பதே பெரிய விஷயம். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைக் கேட்கிறது. ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடும் எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் இல்லை, ஓடும் தலையும் இல்லை, அதனால் இதே வகைத் துண்டுகளை வினாடிக்குப் பல்லாயிரம் கொடுக்கும். உங்கள் காபி நேரம் போன இடம் இதுதான்.

பதிலளிக்கும் நேரம் பத்து, ஐம்பது மில்லிவினாடி என்று ஏறி இறங்கினால் டிஸ்க் மெதுவானது, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் தாவி, வேகம் பூஜ்யத்தில் நின்றால் டிஸ்க் சாகிறது.

இங்கே ஒரு சூட்சுமம். மெமரி பற்றாமல் போனாலும் பழி டிஸ்க் மேல்தான் விழும். ரேமில் இடமில்லாதபோது விண்டோஸ் சிலவற்றை டிஸ்கில் இறக்கி வைத்து ஏற்றுகிறது. அதனால் டிஸ்க் 100 காட்டும் அதே நேரத்தில் மெமரி எவ்வளவு என்று பாருங்கள். மெமரி 60-க்குள் இருந்தால் குற்றவாளி டிஸ்க் மட்டுமே. மெமரி 85, 90 என்று நின்றால் இரண்டும். 4 ஜி.பி.யில் குரோமும் டேலியும் சேர்ந்து ஓடினால் இரண்டாவதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். அப்படியும் முதலில் எஸ்.எஸ்.டி.தான் போடச் சொல்வேன். ரேம் மட்டும் கூட்டினால் சாகப்போகிற டிஸ்க் அப்படியே இருக்கும். தவிர, ரேம் விலை 2025 கடைசியிலிருந்து ஏறிக்கிடக்கிறது. பிறகு வாங்குவதாக இருந்தால், டாஸ்க் மேனேஜரில் மெமரியைச் சொடுக்கினால் எத்தனை ஸ்லாட், எந்த வேகம் என்று தெரியும். 2133 என்றால் டி.டி.ஆர். 4, 1600 என்றால் டி.டி.ஆர். 3. ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.

டிஸ்கும் மெமரியும் சும்மா இருக்கும்போதே திணறினால் சி.பி.யு. பக்கம் பாருங்கள். 2017-இல் பரவலாக விற்ற ஐ3 6006யு என்றால் இயல்பான வேகம் 2 கிகாஹெர்ட்ஸ். வேலை கொடுக்கும்போதும் ஒன்றுக்குக் கீழேயே நின்றால், ஃபேனில் தூசி அடைத்துச் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது, அல்லது சார்ஜரில் வம்பு. சில லேப்டாப்கள் தமக்குரிய சார்ஜர் இல்லை என்று கண்டால் பேட்டரியும் ஏற்றாது, வேகத்தையும் கட்டிப்போடும். சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பார்த்து, வேகம் ஏறினால் சார்ஜர்தான். மெத்தை மேல் வைத்து வேலை செய்வதை எப்படியும் நிறுத்திவிடுங்கள்.

ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாதவற்றை டிசேபிள் செய்வது நல்லதுதான், ஆனால் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும்; இலவச ஆன்ட்டிவைரஸ் ஏதாவது கூடுதலாக ஒட்டியிருந்தால் நீக்குங்கள். வேகம் கூட்டுவதாகச் சொல்லும் கிளீனர், பூஸ்டர் எதையும் உள்ளே விடாதீர்கள். பிறர் கணக்கு இருக்கும் லேப்டாப்பில் அறிமுகமில்லாத மென்பொருளுக்கு முழு அனுமதி கொடுப்பது ஆபத்து.

எஸ்.எஸ்.டி.க்கு வருவோம். உங்கள் லேப்டாப்பின் வயதுக்குப் பெரும்பாலும் பொருந்துவது 2.5 அங்குல சாட்டா வகை, 7 மில்லிமீட்டர் தடிமன். 1 டி.பி.க்குப் பதில் 1 டி.பி.யே வேண்டும் என்றில்லை, கணக்கு வேலைக்கு 256 அல்லது 480 ஜி.பி. தாராளம். வாங்கும் முன் மாடல் எண்ணை வைத்து எந்த வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய டிஸ்கை அப்படியே முழுசாக நகலெடுத்து (குளோன்) ஏற்ற வேண்டாம், பழுதான டிஸ்கிலிருந்து குளோன் செய்தால் கெட்டுப்போன கோப்புகளும் கூடவே வரும். 8 ஜி.பி. பென் டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை வைத்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றுங்கள். ஏற்கெனவே அசல் விண்டோஸ் என்றால் உரிமம் மதர்போர்டோடு பிணைந்திருக்கும், டிஸ்க் மாறினாலும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.

டேலி அப்படியல்ல. பழைய டிஸ்கைக் கழற்றும் முன்பே டேலி லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்கள், அதாவது டேலிக்குள்ளிருந்தே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மறந்தால் புதிய டிஸ்கில் ஆக்டிவேட் செய்ய அலைய வேண்டிவரும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருந்தால் அதன் டிரைவரையும் மறுபடி ஏற்ற வேண்டும்.

கழற்றி மாட்டுவது கடினமில்லை. மாடல் பெயரோடு யூடியூபில் தேடிப் பிரிக்கும் முறையை ஒரு முறை முழுக்கப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றி, மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். ஸ்க்ரூக்கள் நீளத்தில் வேறுபடும், எடுத்த வரிசையிலேயே ஒரு தாளில் ஒட்டி வையுங்கள். நீளமானதைக் குட்டையான துளையில் முறுக்கினால் மேல்பக்கம் புடைத்துக்கொள்ளும். கை நடுங்குகிறது என்றால் எஸ்.எஸ்.டி.யை வாங்கிக்கொண்டு போய்க் கடையில் மாட்டச் சொல்லுங்கள், கண்ணெதிரே செய்யட்டும்.

மகன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறை இன்டெல் முதல்தான், உங்களுடையது ஆறு. பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதியில் அதற்கான வழி இருக்கிறது. டேலி விண்டோஸில் ஓடுவது என்பதால் உங்களை லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்குப் போகச் சொல்ல மாட்டேன். அதனால் எஸ்.எஸ்.டி. போட்டு இப்போதைய அவசரத்தைத் தாண்டுங்கள், புது லேப்டாப்புக்கு நிதானமாகச் சேர்த்து வையுங்கள். அன்றைக்கு இந்த எஸ்.எஸ்.டி.யை ஒரு யு.எஸ்.பி. உறையில் போட்டால் காப்பி வைக்கும் டிரைவாகும், பணம் வீணில்லை. அல்லது எஸ்.எஸ்.டி.யைப் பழைய லேப்டாப்பிலேயே விட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றினால் மகன் படிக்க வைத்துக்கொள்ளலாம்.

காப்பி மட்டும் இன்றே. மற்றதை ஜி.எஸ்.டி.ஆர். 3பி தாக்கல் முடியும் 20-ஆம் தேதி தாண்டியதும், வேலை நெருக்கடி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். கழற்றிய ஹார்டு டிஸ்கை உடனே தூக்கிப் போடாமல், விட்டுப்போன கோப்பு எதுவும் இல்லை என்று தெரியும்வரை இரண்டு மாதம் பீரோவில் வையுங்கள். அதில் புதிதாக எதையும் சேமிக்கவும் வேண்டாம், அப்படியே பழைய இரும்புக்காரரிடம் போடவும் வேண்டாம். அதில் இருப்பது உங்கள் வாடிக்கையாளர்களின் ஜி.எஸ்.டி. எண்ணும் வங்கி விவரமும்.