முட்டை அட்டை, 432 ஹெர்ட்ஸ், ஏழு விநாடி: ஒலிப்பதிவாளர் பதில்கள்

வீட்டிலேயே பாட்டு செய்கிறவர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "என்று சொல்கிறார்களே, உண்மையா சார்?" என்றே முடிகின்றன. சாலிகிராமத்து ஸ்டூடியோவில் ஒலிக்கலவை கன்சோலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் இதே கேள்விகள்தான் தினமும் வருகின்றன. வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

அறைச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிவிட்டேன். அப்படியும் ராத்திரி பாடினால் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டுகிறார். இன்னும் இரண்டு அடுக்கு ஒட்டினால் சத்தம் நிற்குமா?
(கல்லூரி மாணவர், நாமக்கல்)

நாமக்கல்லில் முட்டை அட்டைக்கா பஞ்சம்? பத்து அடுக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். அக்கா தட்டுவது நிற்காது.

சத்தம் வெளியே போகாமல் தடுப்பது ஒரு வேலை, அறைக்குள் எழும் எதிரொலியை அடக்குவது வேறு வேலை. முதல் வேலைக்கு எடை வேண்டும், இடுக்கு இருக்கக் கூடாது. சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால்கூடச் சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் சுமார் 6தான் குறையும். செங்கல் சுவருக்கே கணக்கு இதுவென்றால், ஊதினால் பறக்கிற காகித அட்டை என்ன செய்துவிடும்? உங்கள் குரல் சுவர் வழியாகப் போகவில்லை, கதவுக்கு அடியிலும் ஜன்னல் ஓரத்திலும்தான் போகிறது. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டி, அடி இடுக்கை அடையுங்கள். அந்தச் செலவுக்குப் பலன் தெரியும்.

இரண்டாவது வேலையிலும் அட்டை அரைகுறைதான். மேல் ஸ்தாயிச் சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவே. 100 ஹெர்ட்ஸ் என்ற கீழ் ஸ்தாயி ஒலியின் ஓர் அலை நீளம் ஏறத்தாழ பதினோரு அடி. அதற்கு முன்னால் இரண்டு அங்குலக் குழி எம்மாத்திரம்? மேலே மங்கி, கீழே மட்டும் 'பூம்' என்று நிற்கும் அறைதான் மிஞ்சும். பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒரு இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்துங்கள், துணி நிறைந்த பீரோவைத் திறந்து வையுங்கள். காசு சேர்ந்ததும் நாலு அங்குல ராக்வூல் (கல் நார்) பலகை வாங்கித் துணி சுற்றி மூலைகளில் வையுங்கள். ஒயர் ஓடுகிற சுவரில் காய்ந்த அட்டை ஒட்டுவது தீக்கு வழி வைப்பது, அதை முதலில் பிய்த்தெடுங்கள்.

432 ஹெர்ட்ஸ்தான் இயற்கையின் சுருதி, 440ஐ நாஜிகள் உலகத்தின் மேல் திணித்தார்கள், அதனால் மன அமைதி கெடுகிறது என்கிறார்கள். நான் செய்யும் தியான இசையை 432க்கு மாற்ற வேண்டுமா?
(யோகா ஆசிரியை, புதுச்சேரி)

மாற்றினால் தப்பில்லை அம்மா. மாற்றாவிட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

440 என்பது மேற்கத்திய 'ஏ' ஸ்வரத்துக்கான அளவு, நம் பாடகர்கள் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கில் ஆறு கட்டை. இந்த எண்ணை 1834லேயே ஷ்டுட்கார்ட் நகரில் கூடிய கூட்டத்தில் யோஹான் ஷைப்ளர் என்பவர் பரிந்துரைத்துவிட்டார். ஹிட்லர் பிறக்கவே அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது. 1859ல் பிரான்ஸ் சட்டம் போட்டு 435 வைத்துக்கொண்டது. இத்தாலியில் இசையமைப்பாளர் வெர்டி 432க்கு ஆதரவாக இருந்தார், அவருடைய கவலை பாடகர்களின் தொண்டை. ஊருக்கு ஊர் சுருதி ஏறிக்கொண்டே போனால் உச்ச ஸ்தாயியில் கத்த வேண்டியது அவர்கள்தானே. 1939ல் லண்டனில் பல நாட்டு நிபுணர்கள் கூடி 440 என்று ஒத்துக்கொண்டார்கள். 1955ல் அது ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பின் தரமானது. இசைக்குழுவும் வாத்தியம் செய்கிறவரும் வானொலியும் ஒரே அளவில் இருந்தால் வேலை நடக்கும் என்பதைத் தவிர இதில் சதி எதுவும் இல்லை.

ஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. விநாடியை வகுத்தது மனிதன். அவன் வகுத்த அளவில் இயற்கை வந்து ஒரு முழு எண்ணைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது என்பது எனக்கு விளங்கவில்லை. அப்புறம், கச்சேரிக்குப் போகிற நமக்கு இந்தக் கவலையே வந்திருக்கக் கூடாது. ஒருவர் ஒன்றரைக் கட்டையில் பாடுகிறார், இன்னொருவர் ஐந்தரையில். தம்புராவைக் காதால் சேர்த்துக்கொள்கிறார்கள். யாருடைய மன அமைதி கெட்டது?

440க்கும் 432க்கும் உள்ள தூரம் அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: முடிந்த பாட்டை மென்பொருளில் போட்டு இழுத்து 432க்கு இறக்காதீர்கள். தாளக் கருவிகளின் அடி மழுங்கிப்போகும். வேண்டுமென்றால் வாசிக்கும்போதே அந்தச் சுருதியில் சேர்த்து வாசியுங்கள்.

ஆப்பிள் மேக்கில் மட்டும் ஓடும் லாஜிக் மென்பொருளில் செய்த பாட்டு தடிமனாகக் கேட்கிறது, எஃப்எல் ஸ்டூடியோவில் மெலிந்து கேட்கிறது என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். மேக் வாங்கக் கடன் வாங்கலாமா?
(கீபோர்டு வாசிப்பவர், சேலம்)

கடன் வாங்குவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் செலவழியுங்கள். நண்பரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

ஒரே எட்டு மோனோ வேவ் ஃபைல்களை இரண்டு மென்பொருளிலும் போடுங்கள். எஃபெக்ட் எதுவும் வேண்டாம். ஃபேடர்கள் (சத்த அளவைக் கூட்டிக் குறைப்பவை) பூஜ்யம் டெசிபலில், பேன் (இடம், வலம்) எல்லாம் நடுவில். இரண்டிலிருந்தும் 24 பிட் வேவ் ஆக வெளியே எடுங்கள். அந்த இரண்டையும் புது ப்ராஜெக்ட் ஒன்றில் மேலும் கீழுமாக, முதல் சாம்பிளிலிருந்தே பொருந்தும்படி வையுங்கள். ஒன்றின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேடு பள்ளத்தை, மட்டும் தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்து ஓட விடுங்கள். இரண்டும் ஒன்றே என்றால் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், காதில் எதுவும் விழாது.

முதல் தடவை லேசாகப் பாட்டு கேட்கலாம். நண்பர் "பார்த்தியா!" என்பார். பொறுங்கள். நடுவில் இருக்கும் மோனோ ட்ராக்கை ஒரு மென்பொருள் 3 டெசிபல் குறைத்து அனுப்பும், இன்னொன்று குறைக்காது. இதைப் பேன் லா என்பார்கள், செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். அதைச் சமப்படுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மீட்டர் தரையோடு படுத்துவிடும். நண்பர் கேட்ட தடிமன் அந்த 3 டெசிபல்தான். கூடவே வரும் சிந்த்களும் (மின்னணு வாத்தியங்கள்) பிளகின்களும் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்கள்) மென்பொருளுக்கு மென்பொருள் வேறு, அது உண்மை. ஆனால் ட்ராக்குகளைச் சேர்க்கும் கூட்டல் எல்லா இடத்திலும் ஒரே கூட்டல்.

இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் பாதி வியாபாரம் இதில்தான் நடக்கிறது. சத்தம் கூடக்கூட நம் காதுக்குக் கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் தூக்கலாகக் கேட்கும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே இதை அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் ஒரு பரீட்சை வைப்பதுண்டு. ஒரே ஃபைலின் இரண்டு நகல், ஒன்றை மட்டும் 1 டெசிபல் ஏற்றி வைப்பேன். "இதில் எது விலை கூடிய ப்ரீஆம்ப் (மைக் ஒலியைப் பெருக்கும் கருவி)?" என்று கேட்டால் பெரும்பாலும் ஏற்றியதைத்தான் காட்டுவார்கள். காட்டுவதோடு விடமாட்டார்கள், "இதில் ஒரு காற்று இருக்கிறது சார், அதில் மூடினாற்போல இருக்கிறது" என்று வர்ணிப்பார்கள். எந்த பிளகினை வாங்கும் முன்னாலும் அதைப் போட்ட சத்தத்தையும் போடாத சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, திரையைப் பார்க்காமல் கேளுங்கள். அப்போதும் பிடித்திருந்தால் வாங்குங்கள்.

டிஜிட்டல் ஒலி படிக்கட்டு மாதிரி வெட்டு வெட்டாக இருக்குமாம், 192 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் வழவழப்பாகிவிடுமாம். என் பழைய லேப்டாப் திணறுகிறது.
(குறும்பட இயக்குநர், மதுரை)

படிக்கட்டு பாடப்புத்தகப் படத்தில் மட்டும்தான் உண்டு. கருவியிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டம் வளைவான அலையாகத்தான் வெளியே வரும். பதிய வேண்டிய உச்ச அதிர்வைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விநாடிக்குச் சாம்பிள் (அலையின் அளவு) எடுத்தால் அலையை முழுசாகத் திரும்பப் பெறலாம். நைக்விஸ்டும் ஷானனும் கணக்கில் நிறுவியது அது. நல்ல காதுக்கே எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். சி.டி.க்கு வைத்த 44.1 அதன் இரண்டு மடங்கான 40ஐத் தாண்டித்தான் இருக்கிறது.

அந்த விநோத எண் எப்படி வந்தது தெரியுமா? ஆரம்ப காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில் பதிந்தார்கள். ஒரு ஃபீல்டுக்கு (வீடியோ படத்தின் பாதி) 245 கோடு, கோட்டுக்கு 3 சாம்பிள், விநாடிக்கு 60 ஃபீல்டு. பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். ஐரோப்பிய வீடியோவில் 294 கோடு, 50 ஃபீல்டு. அதுவும் அதே எண்ணில் வந்து நிற்கும்.

உங்களுக்குப் படம்தானே, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சத்தத்தைப் பல மடங்கு மெதுவாக்கிப் பேய் உறுமலாக மாற்றப் போகிறீர்கள் என்றால் அந்த ஒன்றை மட்டும் 96ல் பதியலாம். 24 பிட்டில் இடம் தாராளமாக இருப்பதால் மீட்டரைச் சிவப்பு வரை ஏற்றவும் தேவையில்லை. உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கத்தில் நின்றால் போதும்.

எம்பி3ஐ வேவ் ஆக மாற்றினால் தரம் கூடுமா?
(கடிதத்தில் ஊர் பெயர் இல்லை)

கூடாது. ஃபைல்தான் பெருக்கும்.

ஆட்டோட்யூன் வந்த பிறகு சுருதி ஞானமே வேண்டாம் என்கிறார்கள் என் மாணவிகளின் பெற்றோர். நான் என்ன பதில் சொல்ல?
(பாட்டு டீச்சர், கும்பகோணம்)

டீச்சர், அவர்களைத் தோடி ராகத்தோடு என் ஸ்டூடியோவுக்கு அனுப்புங்கள்.

பாடும் குரலின் சுருதியைத் திருத்தும் இந்த மென்பொருள் கருவியைச் செய்தவர் ஆண்டி ஹில்டிபிராண்ட். எண்ணெய் தேடுவதற்காகப் பூமிக்குள் அனுப்பும் ஒலியலைகளை ஆராய்ந்த மனிதர், அந்தக் கணக்கைக் குரலுக்குத் திருப்பி 1997ல் வெளியிட்டார். மறு வருஷமே அமெரிக்கப் பாடகி ஷேர் பாடிய பாட்டொன்றில், திருத்த எடுக்கும் நேரத்தைப் பூஜ்யத்தில் வைத்துக் குரலை இயந்திரமாக்கினார்கள். அது உலகம் பூராவும் ஓடியது.

கருவிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பக்கத்தில் இருக்கும் ஸ்வரம் எதுவோ அங்கே குரலை இழுத்து நிறுத்து. தோடியின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்கிற ஸ்வரமா? ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடுவது. திருத்தத்தை வேகமாக வைத்தால் திரையில் அந்த அழகான அலைக்கோடு ரி, க, ம என்று மூன்று படியாக வெட்டப்பட்டு நிற்கும். காதில் விழுவது கார் ஹாரன். அதனால் கமகம் (ஸ்வரத்தை ஆட்டிப் பாடுவது) வரும் இடங்களில் அதை அணைத்துவிட்டு, நீண்டு நிற்கும் ஸ்வரங்களை மட்டும் கையால் ஒவ்வொன்றாகத் தொடுகிறோம். எந்த ஸ்வரம் ஆட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று உட்கார்ந்து திருத்துகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. அந்த ஞானத்தை எங்கே போய் வாங்குவது? தம்புரா 440க்குச் சற்று விலகி இருந்தால் கருவியின் அடிப்படை அளவையும் மாற்ற வேண்டும். அதை மறந்து நல்ல பாட்டைக் கெடுத்துக் கொண்டுவருகிறவர்கள் மாதம் ஒருவராவது உண்டு.

மைனஸ் 14 லஃப்ஸில் (பாட்டின் சராசரிச் சத்த அளவு) மாஸ்டர் (வெளியிடும் முன் கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்யாவிட்டால் ஸ்பாட்டிஃபை பாட்டைக் கெடுத்துவிடுமா?
(ராப் பாடுபவர், கிள்ளான்)

கெடுக்காது, வால்யூமைத் திருகும். நீங்கள் மைனஸ் 8ல் அனுப்பினால் 6 டெசிபல் இறக்கி ஒலிபரப்பும். யூடியூபும் இறக்கும், ஆனால் தாழ்வாக இருப்பதை ஏற்றாது. ஆக, 14 என்பது அவர்கள் திருகுகிற இடம், நீங்கள் தொட வேண்டிய இலக்கு இல்லை. ராப்புக்கு மைனஸ் 9, 8 என்று வந்தாலும் டிரம் உயிரோடு இருந்தால் அப்படியே அனுப்புங்கள். உச்சத்தில் மட்டும் 1 டெசிபல் இடம் விடுங்கள். உங்கள் மாஸ்டரையும் பிடித்த பாட்டையும் ஒரே அளவுக்கு இறக்கி அடுத்தடுத்துக் கேளுங்கள். நசுக்கியது எது என்று அப்போது தெரியும்.

அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் படுக்கையறையிலேயே ஆல்பம் செய்து கிராமி வாங்கினாராமே. அப்படியென்றால் ஸ்டூடியோவே தேவையில்லையா?
(ஐ.டி. ஊழியர், திருநெல்வேலி)

2019ல் வந்த அந்த ஆல்பத்தை அண்ணனின் சின்ன அறையில்தான் பதிந்தார்கள், உண்மை. ஆனால் மிக்ஸ் (குரலையும் வாத்தியங்களையும் கலப்பது) செய்தவர் வேறு, மாஸ்டர் செய்தவர் வேறு, இருவரும் அதையே தொழிலாகக் கொண்டவர்கள். இந்தப் பாதி மட்டும் யாருடைய வீடியோவிலும் வராது. அறையில் பதியுங்கள், தப்பே இல்லை. முடித்ததை வேறு ஒரு ஜோடிக் காதிடம் கொடுங்கள். அதற்கும் முன்னால் போன் ஸ்பீக்கரில் ஒரு தடவை கேளுங்கள். போனில் பேஸ் காணாமல் போனால் கீழே இன்னும் ஏற்றாதீர்கள். லேசாக டிஸ்டார்ஷன் கொடுத்தால் அடி ஸ்வரத்தின் மடங்குகளான மேல் ஹார்மானிக்ஸ் எழும்பும், காது அடி ஸ்வரத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும்.

ஏழு விநாடிக்குள் பழைய பாட்டை வெட்டிப் பயன்படுத்தினால் காப்புரிமை கிடையாதாமே? என் பாட்டை எனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி வைத்தால் உரிமை வந்துவிடுமா?
(டிஜே, கோவை)

இந்திய காப்புரிமைச் சட்டம், 1957ஐ முழுக்கப் புரட்டினாலும் ஏழு விநாடியோ முப்பது விநாடியோ கிடைக்காது. அமெரிக்காவில் இரண்டு விநாடி கிடார்த் துண்டுக்கு வழக்கு நடந்து, 2005ல் வெட்டியவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மெட்டுக்கு ஓர் உரிமை, அதன் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. தியாகராஜர் கீர்த்தனை எல்லோருக்கும் பொது, நீங்களே பாடிக்கொள்ளலாம். அதை ஒரு கம்பெனி வெளியிட்ட ஆல்பத்திலிருந்து வெட்டினால் அந்தக் கம்பெனியிடம் கேட்க வேண்டும், ஒலிப்பதிவு வெளியாகி 60 வருஷம் ஆகும் வரை. சினிமாப் பாட்டு என்றால் புல்லாங்குழலில் நீங்களே புதிதாக வாசித்தாலும் மெட்டின் உரிமை வைத்திருப்பவரின் அனுமதி வேண்டும்.

தபால் செலவு வீண். பாட்டை உருவாக்கிப் பதிந்த உடனே உரிமை உங்களுடையது, பதிவு செய்வதுகூடக் கட்டாயமில்லை. செய்து வைத்தால் வழக்கு என்று வரும்போது சான்றாக நிற்கும். ப்ராஜெக்ட் ஃபைல்களைத் தேதியோடு இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். கூடப் பாடியவர், வாசித்தவரிடம் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பாட்டு வெளியாகும் முன்பே எழுதி வாங்குங்கள். கோர்ட் வரை போகிற சண்டைகள் பெரும்பாலும் அந்தத் தாள் இல்லாததால் வருபவைதான்.