கிரெட்டா காசுக்கு பிஎம்டபிள்யூ வருதே, எடுத்துடலாமா?

கேள்வி: வணக்கம் சார். கோயம்புத்தூர்ல ஐடி வேலை, வயசு 39. எனக்கும் வைஃபுக்கும் சேத்து மாசம் கைக்கு 1.45 லட்சம் வருது. வீட்டு லோன் ஈஎம்ஐ 38,000, ரெண்டு பசங்க ஸ்கூல் போறாங்க. எஃப்டில 8 லட்சம் இருக்கு. 2017 மாடல் பிஎம்டபிள்யூ எக்ஸ்1 டீசல், 68,000 கிலோமீட்டர் ஓடினது, 16.5 லட்சம் சொல்றாங்க. கைல இருந்து 4.5 லட்சம், மிச்சம் 12 லட்சம் லோன்னு பிளான். இதே காசுக்கு புது கிரெட்டா எடுக்கறதுக்கு இத எடுத்தா என்னன்னு மனசு அடிச்சுக்குது. டெல்லி வண்டின்னா இன்னும் 3 லட்சம் கம்மியா முடிச்சு தரேன்னு புரோக்கர் சொல்றாரு, நம்பலாமா? டீசலா பெட்ரோலாங்கறதும் குழப்பமா இருக்கு. மாசம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுவேன், பாதி ஊருக்குள்ள, பாதி ஹைவே.

பதில்: ஆசை தப்பில்ல சார், வண்டியும் மோசமான வண்டி இல்ல. ஆனா இந்த லோன் போட்டு இப்ப எடுக்காதீங்க. ஏன்னு சொல்றேன்.

இந்த வண்டி 2016ல இங்க வந்தப்போ ஷோரூம் விலையே 30 லட்சத்துல ஆரம்பிச்சு 40 வரைக்கும் போச்சு, ரோடு டாக்ஸ் இன்சூரன்ஸ் எல்லாம் தனி. இப்ப உங்களுக்கு 16.5க்கு வருதுன்னா பாதிக்கு மேல விலை இறங்கிருச்சு, சந்தோஷம், ஆனா இறங்கினது வண்டியோட விலை மட்டும்தான், அதோட டயர் விலை இறங்கல, பிரேக் டிஸ்க் விலை இறங்கல, சர்வீஸ் சென்டர்ல மணிக்கு போடற லேபர் சார்ஜ் வருஷா வருஷம் ஏறிட்டுதான் இருக்கு. நீங்க வாங்கறது கிரெட்டா விலைக்கு, ஆனா பராமரிக்கப் போறது 40 லட்ச ரூபா வண்டிய. சிலர் சொல்வாங்க, இது நம்ம சென்னை பக்கத்துல மகேந்திரா வேர்ல்ட் சிட்டி பிளான்ட்ல செஞ்சதுதானே, பார்ட்ஸ் சல்லிசா கிடைக்கும்னு. அங்க 2007ல இருந்து வண்டி அசெம்பிள் பண்றாங்கங்கறது உண்மை, ஆனா அசெம்பிள் பண்றது வேற, எல்லா பார்ட்ஸும் இங்கயே செய்யறது வேற, இறக்குமதி ஆகற பார்ட்ஸ் நிறைய இருக்கு, பில்லு வரும்போது தெரியும்.

சரி, கணக்குக்கு வருவோம். 12,000 கிலோமீட்டர் வருஷத்துக்கு, லிட்டருக்கு 14 கிடைக்கும்னு வைங்க, டீசல் 93 ரூபான்னா வருஷம் 80,000. இன்சூரன்ஸ், இன்ஜின் 1500 சிசிக்கு மேல இருக்கறதால அடுத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி மட்டுமே 7,897, அதுக்கு மேல நம்ம வண்டி சேதத்துக்கான ஓன் டேமேஜ், இன்ஜினுக்குன்னு தனியா இன்ஜின் புரொடெக்ட், 18 சதவீதம் ஜிஎஸ்டி எல்லாம் சேந்து அரை லட்சம் பக்கம் வந்துரும். அதுலயும் எட்டு வருஷ வண்டிக்கு ஜீரோ டெப், அதாவது பார்ட்ஸ் தேய்மானம் கழிக்காம காசு தர்ற கவர், கிடைக்கறது கஷ்டம், நிறைய கம்பெனி அஞ்சு வருஷத்தோட நிறுத்திடும், சில பேர் ஏழு வரைக்கும் தருவாங்க, அப்ப ஒரு பம்பர் ஹெட்லைட் போச்சுன்னா பிளாஸ்டிக் பார்ட்ஸுக்கு பாதி காசு உங்க பாக்கெட்ல இருந்துதான். சர்வீஸ் ஒரு வருஷம் 25,000ல முடியும், அடுத்த வருஷம் பிரேக் பேடு, டிஸ்க்கு, கியர் ஆயில்னு 90,000 ஆகும், சராசரி 60,000 வைங்க. டயர் 18 இஞ்ச் ரன்ஃபிளாட், அதாவது பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடற டைப், ஒண்ணு இருபதாயிரத்துக்கு மேல, நாலும் மாத்தினா 90,000 வரைக்கும், 40,000 கிலோமீட்டர் ஓடும்னு நம்பினா வருஷத்துக்கு 27,000. நம்ம ரோட்டு பள்ளத்துல அடிச்சு டயர் பக்கவாட்டுல முட்டை மாதிரி வீங்கிட்டா அது தனி செலவு. இதோட திடீர் ரிப்பேருக்குன்னு வருஷம் 80,000 ஒதுக்கணும். எல்லாத்தையும் கூட்டுங்க, மூணு லட்சம், மாசம் 25,000.

லோன் 12 லட்சம், 13 சதவீதம், நாலு வருஷம்னா ஈஎம்ஐ 32,200 வருது. வட்டி மட்டும் மூணரை லட்சம் பக்கம். அதுவும் நாலு வருஷம் கிடைச்சாத்தான். பல பேங்க் வண்டி வயசும் லோன் காலமும் சேந்து 10 வருஷத்த தாண்டக்கூடாதுன்னு கண்டிஷன் வெச்சிருக்கு, உங்க வண்டிக்கு இப்பவே எட்டு தாண்டியாச்சு, அதனால பேங்க் கைய விரிச்சா பைனான்ஸ் கம்பெனிக்குத்தான் போகணும், அங்க 14 சதவீதம் மூணு வருஷம்னு போட்டா ஈஎம்ஐ 41,000. நான் சின்ன கணக்கையே எடுத்துக்கறேன். 32,200ம் 25,000மும் சேந்து 57,000, வீட்டு லோன் 38,000, ஆக 95,000. மிச்சம் 50,000ல ஸ்கூல் ஃபீஸ், மளிகை, கரண்ட் பில்லு, ஆஸ்பத்திரி எல்லாம். எஸ்ஐபி எதுவும் போட்டுட்டு இருந்தீங்கன்னா முதல்ல நிக்கப்போறது அதுதான்.

எஃப்டியையும் பாருங்க. 8 லட்சத்துல 4.5 போனா மிச்சம் 3.5. அதுலயே பேர் மாத்தற செலவு, புது இன்சூரன்ஸ், வாங்கின உடனே போடற முதல் சர்வீஸ் எல்லாம் போகும். ஐடி வேலைல ஆறு மாச செலவு கைல இல்லாம இருக்கறது இன்னிக்கு நிலைமைல நல்லதில்ல, உங்க வீட்டுக்கு ஈஎம்ஐயோட சேத்து அது அஞ்சு லட்சத்துக்கு மேல ஆகும். வண்டி நல்லா இருக்கோ இல்லையோ, உங்க எஃப்டி இந்த வண்டிய தாங்காது.

"முதல் ஓனர் டிப்ரிசியேஷன, அதாவது விலை இறக்கத்த, சுமந்துட்டாரு, நமக்கு லாபம்தானே"ன்னு எல்லாரும் சொல்ற வாதம் ஒண்ணு இருக்கு. பாதி உண்மை. பெரிய அடி முதல் நாலஞ்சு வருஷத்துல விழுந்துரும், அது அவர் காசு. ஆனா நீங்க நாலு வருஷம் ஓட்டிட்டு விக்கும்போது அது 12 வருஷ டீசல் வண்டி, அத யாரு எடுப்பா? என் கணிப்புல 8 லட்சம் வந்தா பெரிசு. கிரெட்டா அதே 16.5க்கு எடுத்து நாலு வருஷத்துல வித்தா 10 பக்கம் நிக்கும், வாங்கறதுக்கும் ஆள் வரிசைல நிப்பாங்க. ரூபாய்ல பாத்தா பிஎம்டபிள்யூலதான் அதிகமா போகுது. இன்னொண்ணு, 2025 செப்டம்பர் 22ல இருந்து பெரிய வண்டிகளுக்கு செஸ்ஸ எடுத்துட்டு 40 சதவீதம் ஜிஎஸ்டின்னு ஆக்கினாங்க, முன்னாடி எல்லாம் சேந்து 50 வரைக்கும் போச்சு. புது வண்டி விலை இறங்கினா பழைய வண்டி விலையும் இறங்கித்தானே ஆகணும், ஆனா விக்கறவங்க இன்னும் பழைய விலையவே சொல்லிட்டு இருக்காங்க. பேரம் பேச இது ஒரு நல்ல பாயின்ட்.

இவ்ளோ சொன்னதால வண்டி குப்பைன்னு நினைச்சுக்காதீங்க. இந்த ஜெனரேஷன் எக்ஸ்1ல இருக்கற 2 லிட்டர் பி47 டீசல் இன்ஜின் 190 குதிரை சக்தி, 8 ஸ்பீடு கியர்பாக்ஸ் டார்க் கன்வர்ட்டர்ங்கற வழக்கமான ஆட்டோமேட்டிக் டைப், டூயல் கிளட்ச் தலைவலி இல்ல. கம்பெனிக்காரங்க லைஃப்டைம் ஆயில்னு சொன்னாலும் கியர் ஆயில 80,000 கிலோமீட்டருக்குள்ள மாத்திடறது நல்லது. பாக்க வேண்டியது ஈஜிஆர் கூலர், அதாவது இன்ஜின் புகைய குளிர வெச்சு திரும்ப இன்ஜினுக்கே அனுப்பற பார்ட்டு. பிஎம்டபிள்யூ டீசல்கள்ல இந்த ஈஜிஆர் கூலர் லீக் ஆகி தீப்பிடிச்ச விஷயம் 2018ல கொரியால பெரிய பிரச்சனை ஆச்சு, அதுக்கப்புறம் உலகம் பூரா ரீகால், அதாவது கம்பெனியே வண்டிங்கள திருப்பி கூப்பிட்டு சரி பண்றது, நடந்துச்சு. உங்க வண்டி சேசிஸ் நம்பர குடுத்து ரீகால் எதுவும் பாக்கி இருக்கான்னு சர்வீஸ் சென்டர்ல கேளுங்க, காசு கேக்க மாட்டாங்க. கூலன்ட் அடிக்கடி குறையுதுன்னா அந்த வண்டிய விட்டு நகந்துருங்க. அப்புறம் சஸ்பென்ஷன் புஷ், இன்ஜின் மவுன்ட், இஞ்ஜெக்டர், இதெல்லாம் வயசுக்கு வர்ற செலவு, ஒவ்வொண்ணும் பில்லு கனமாத்தான் இருக்கும்.

இதவிட ஆபத்து 8, 9 லட்சத்துக்கு கிடைக்கற பழைய எக்ஸ்1, அதாவது 2015 வரைக்கும் வந்த முதல் ஜெனரேஷன். அதுல இருக்கற என்47 டீசல் இன்ஜினோட டைமிங் செயின் தேஞ்சு போறது ஊரறிஞ்ச விஷயம், 2011க்கு முந்தினது ரொம்பவே, செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கறதால அத மாத்தறதுக்கு பெரிய வேலையா பிரிக்கணும். விலை பாத்து மயங்கிடாதீங்க. ஆடி க்யூ3 பாத்தீங்கன்னா எஸ் ட்ரானிக்ங்கற டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ்ல 60,000 கிலோமீட்டருக்கு ஒருதரம் ஆயில் மாத்தின பில்லு இருக்கான்னு மட்டும் கேளுங்க, பில்லு இல்லன்னா பேச்சும் இல்ல.

இப்ப டெல்லி வண்டி. அங்க ஏன் கம்மி? 10 வருஷத்துக்கு மேல ஆன டீசல் வண்டி டெல்லி சுத்துவட்டாரத்துல ஓடக்கூடாதுன்னு 2015ல பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவுல ஆரம்பிச்சு கோர்ட்டு கேஸுன்னு அந்த விஷயம் இழுத்துட்டே இருக்கு, அதனால எட்டு ஒம்பது வருஷம் ஆன டீசல அங்க சீக்கிரம் தள்ளிவிடத்தான் பாப்பாங்க. வண்டி மோசம்னு அர்த்தமில்ல. ஆனா 3 லட்சம் மிச்சங்கறது கைக்கு வராது. அங்கருந்து என்ஓசி வாங்கணும், அங்க கட்டின ரோடு டாக்ஸ் இங்க செல்லாது, தமிழ்நாட்டுல வண்டி வயசுக்கும் விலைக்கும் ஏத்த மாதிரி மறுபடி லைஃப் டாக்ஸ் கட்டணும், ஆர்டிஓ ஆபீஸ்ல முதல்லயே தொகைய கேட்டு எழுதி வாங்கிட்டு அப்புறம் புரோக்கர்கிட்ட பேசுங்க. லாரில ஏத்தி கொண்டு வர்ற செலவு வேற. எல்லாத்துக்கும் மேல, அந்த வண்டிய ஓட்டினவர நீங்க பாக்கவே போறதில்ல. "டாக்டர் வெச்சிருந்த வண்டி சார், சிங்கிள் ஓனர்"னு எல்லா புரோக்கரும் சொல்றாங்க, இந்தியால டாக்டருங்க இத்தனை கார் வித்திருக்காங்களான்னு எனக்கே சந்தேகம். டெல்லி வண்டி வேண்டாம்.

உள்ளூர் வண்டியா இருந்தா அதோட பழைய இன்சூரன்ஸ் பேப்பர வாங்கி நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் பண்ணாததுக்கு பிரீமியத்துல தர்ற தள்ளுபடி, எத்தனைன்னு பாருங்க. 50 சதவீதம் இருந்தா அஞ்சு வருஷமா கிளெய்ம் இல்லன்னு அர்த்தம். ஜீரோன்னு இருந்தா ஏன்னு கேளுங்க, நடுவுல கை மாறியிருந்தாலும் ஜீரோ ஆகும், இடிச்சு கிளெய்ம் பண்ணியிருந்தாலும் ஆகும். அந்த போனஸ் பழைய ஓனரோடது, உங்களுக்கு வராது, அதுவும் ஞாபகம் இருக்கட்டும். சென்னை வண்டின்னா சேறு கறை இருக்கான்னு சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து பாருங்க, டிக்கில மேட்ட தூக்கி பாருங்க, 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல நின்ன வண்டிங்க துடைச்சு மினுக்கி இப்பவும் மார்க்கெட்ல சுத்துது. டீலர்கிட்ட 10 லட்சத்துக்கு மேல வாங்கினா 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கற வருமான வரி, போடுவாங்க, அத வரி ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், விட்டுடாதீங்க. பேர் மாறினதும் 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுத்துடுங்க.

நான் சொல்ற வழி இது. அடுத்த மாசத்துல இருந்தே அந்த 57,000த்த வண்டி வந்துட்ட மாதிரி தனி அக்கவுண்ட்ல போடுங்க, ஆர்டியோ லிக்விட் ஃபண்டோ எதுவா இருந்தாலும் சரி. இப்ப ஓட்டற வண்டிக்கு ஆகற பெட்ரோல் செலவ அதுல கழிச்சுக்கங்க. ஒரு வருஷம் கை வைக்காம போட முடிஞ்சா ஆறு லட்சம் சேந்துரும், லோன் பாதியாகும், உங்க எஃப்டியும் அப்படியே இருக்கும், வண்டி விலையும் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும், அப்ப தாராளமா எடுங்க, நானே சரின்னு சொல்வேன். நாலாவது மாசமே மூச்சு முட்டுச்சுன்னா நடு வேரியன்ட் கிரெட்டா, இல்ல ரெண்டு மூணு வருஷம் ஓடின செகண்ட் ஹேண்ட் கிரெட்டா, அது போதும், வருஷ சர்வீஸ் பதினஞ்சாயிரத்த தாண்டாது.

பெட்ரோலா டீசலாங்கறது கடைசியா பாத்தாலும் போதும். பெட்ரோல் எக்ஸ்1 உங்க ஓட்டத்துக்கு லிட்டருக்கு பத்தரைதான் குடுக்கும், லிட்டர் 101 ரூபான்னா வருஷம் 1.15 லட்சம் ஆகுது, டீசல்ல 35,000 மிச்சம். ஆனா டீசல்ல ஈஜிஆர் இஞ்ஜெக்டர்னு ஒரு பெரிய பில்லு வந்தா ரெண்டு வருஷ மிச்சம் ஒரே நாள்ல போயிரும். பெட்ரோல்ல அந்த தொல்லை கம்மி, அதுக்கு பதிலா பங்க்ல இப்ப ஊத்தறது எத்தனால் 20 சதவீதம் கலந்த ஈ20, 2023க்கு முந்தின வண்டிங்க நிறைய அதுக்குன்னு செஞ்சதில்ல, மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும், ஓனர் மேனுவல்ல என்ன போட்டிருக்குன்னு பாத்துக்கணும். மாசம் ஆயிரம் கிலோமீட்டருக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் சார், எந்த வண்டிக்கு முதல் நாள்ல இருந்து சர்வீஸ் பில்லு ஒழுங்கா இருக்கோ அத எடுங்க.