ஒசாகா கோட்டைப் பூங்கா: முட்டி வலியுள்ள அம்மாவோடு அரை நாள்

வணக்கம். மேலே ஏற முடியாத அம்மாவை ஜப்பானின் ஒசாகா கோட்டைக்கு அழைத்துப் போவதில் பயனுண்டா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். பூங்காவுக்குள் நுழையக் கட்டணமே கிடையாது.

நடுவில் நிற்கும் கோபுரம் 1931-இல் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியது. உள்ளே அருங்காட்சியகம், லிஃப்டும் உண்டு. ஆனால் வரிசையில் நிற்பது அம்மாவுக்குச் சிரமம் என்றால் அதை விட்டுவிடலாம், எனக்கு அதில் வருத்தமே இல்லை. அங்கே உண்மையிலேயே பழையவற்றில் முக்கியமானவை அகழியும் கல்சுவரும்தான். ஜப்பானை ஒன்றிணைத்த தளபதி ஹிதேயோஷி 1583-இல் தொடங்கிய கோட்டை 1615 போரில் அழிந்தது. இன்று நாம் பார்க்கும் சுவர்கள், அந்தப் போரில் வென்ற தோகுகாவா குடும்பத்தின் ஆட்சி 1620-களில் எழுப்பியவை.

சகுரா வாசலுக்குள் நுழைந்ததும் எதிரே ஒரே கல் சுவராக நிற்கும். பெயர் தாகோ இஷி, அதாவது ஆக்டோபஸ் கல். எடை சுமார் 108 டன் என்கிறார்கள். இடது கீழ் மூலையில் ஆக்டோபஸ் தலை போல ஒரு கறை இருக்கும், அம்மாவைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கல் சுவர்களில் அங்கங்கே சின்னச் சின்னக் குறிகளும் தெரியும். வேலைக்கு ஆளும் கல்லும் அனுப்பிய சிற்றரசர்கள் வெட்டி வைத்த அடையாளங்கள் அவை.

மொரினோமியா ஸ்டேஷனில் இறங்கினால் நேரே பூங்காதான். அப்புறம் பிப்ரவரி கடைசியில் போகிறீர்கள் என்றால், கிழக்குப் பக்கம் உமே (ஜப்பானியப் பிளம்) தோட்டம் பூத்திருக்கும். அங்கேயே உட்கார்ந்து விடுங்கள், வாசனைக்காகவே போகலாம்.